எட்டால் பெருக்கு

நிலநடுக்கக் கூட்டுக் கண்காணிப்பு வலையம்
என்றுதான் விண்ணப்பத்தில் எழுதினோம்.
உண்மையில் ஏழு குழிகள்.
குழிக்கு ஒரு டப்பா.
டப்பாவுக்குள் காந்தத்தைச் சுற்றி
வில்லில் தொங்கும் ஒரு கம்பிச்சுருள்.
தரை அசைந்தால் அது அசையாமல் நிற்கப் பார்க்கும்.
அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பாளையங்கோட்டையில் எங்கள் கல்லூரி மாடிப்படிக்கு அடியில் ஒன்று.
வள்ளியூர்ப் பக்கம் பள்ளியில்
சத்துணவு அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒன்று.
களக்காட்டில் வாழைத்தார் ஏலக்கடை.
முக்கூடலில் பீடிச் சங்கத்துக் குடோன்:
தும்மிக்கொண்டேதான் பாட்டரி மாற்ற வேண்டும்.
பணகுடிக் குழி இப்போது காலி.
ஆனியில் காற்றாலைகள் சுழலத் தொடங்கினால்
பூமி என்று ஒன்று இருப்பதே அங்கே தெரிவதில்லை.

அதே ஆனியில் டவுன் கருவி தேரை எழுதும்.
வடம் இழுக்க ஒரு கிறுக்கல்,
தடி போட ஒரு வெட்டு,
பிறகு நீளமாய் ஒரு சும்மா.
தேர் வாகையடி முக்கில் எவ்வளவு நேரம் நின்றது என்று
இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள்
பேப்பரைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

ஒரு நிலையம் தனியாக இருந்தால்
எவ்வளவு தூரம் என்று சொல்லும்.
எந்தப் பக்கம் என்று சொல்லாது.
முதல் அலைக்கும் இரண்டாம் அலைக்கும் நடுவே
எத்தனை நொடி, எண்ணு.
எட்டால் பெருக்கு.
அத்தனை கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போடு.
வட்டத்தின் மேல் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்.
மூன்று பேர் வட்டம் போட்டால்தான் ஒரு இடம்.
அதனால் களக்காடு வேண்டும், முக்கூடல் வேண்டும்,
ஆயிரத்து முந்நூறு ரூபாய் பாட்டரிப் பாக்கிக்கு
ஆவுடைநாயகத்தோடு நான்
சண்டை போடாமல் இருக்கவும் வேண்டும்.

புரட்டாசியில் ஒரு ராத்திரி இரண்டே கால் மணிக்கு
ஒன்று வந்தது, இரண்டு புள்ளி மூன்று.
ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. நாய்கூட.
வள்ளியூரில் யாரோ பிளக்கைப் பிடுங்கி
செல்போன் சார்ஜ் போட்டிருந்தார்கள்.
மீதி மூன்று வட்டங்களும்
ஒரு புள்ளியில் சேரவில்லை.
நாங்குநேரிக்கு மேற்கே சின்னதாய் ஒரு முக்கோணம்,
உள்ளே ஒரு குளம், இரண்டு கோயில், ஒரு டாஸ்மாக்.
இதில் எங்கே என்று கேட்டார் நிருபர்.
எங்களிடம் இருக்கிற நேர்மை
அந்த முக்கோணம் அளவுதான் என்றேன்.
அவர் அதைப் போடவில்லை.

வள்ளியூர்க் கருவிக்கு அரைக் கிலோமீட்டரில் குவாரி.
சாயங்காலம் நாலு பத்துக்கு வேட்டு.
பட்டியலில் அதற்கு 'இரைச்சல்' என்று ஒரு கட்டம்,
நிரப்பிவிட்டுக் கழித்துவிடுவோம்.
ஒன்பதாம் வகுப்பு பிரம்மசக்தி
அந்தக் கட்டத்தில் இன்னொரு நேரமும் எழுதி அனுப்புவாள்.
நாலு இருபத்திரண்டு. நாலு இருபத்திமூணு.
கேட்டதற்கு,
'வேட்டு அடங்கினதும் கம்ப்ரசர் போடுவாங்க மேடம்.
எங்கப்பா மெஷினு.
கோடு தடிச்சுட்டுன்னா அவிய நல்லாருக்காவன்னு அர்த்தம்'
என்றாள்.
நான் எட்டு வருஷமாகக் கழித்துக்கொண்டிருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை
நாலு பத்து, வேட்டு.
நாலு இருபத்தைந்து, கோடு மெலிசு.
நாலரை. மெலிசு.
இங்கே பாளையங்கோட்டையில்
ஆய்வகம் பூட்ட வந்த சாவிக்காரரை நிற்கச் சொன்னேன்.
கிறிஸ்டில்டா டீச்சருக்குப் போன் போட்டேன்.
'பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்' என்றாள்,
'அவளும் இங்கதான் நிக்கா.'
அப்புறம் இரண்டு பேரும் பேசவில்லை,
வைக்கவும் இல்லை.
முன்னே பின்னே நொடி எண்ண
அங்கே அலை எதுவும் இல்லை.

நாலு நாற்பத்தொன்றுக்குக் கோடு தடித்தது.
டீசல் தீர்ந்துபோயிருந்ததாம்.
சாவிக்காரர் விளக்கை அணைத்தார்.